காண்ட்ராக்டர் பாக்கப் போற மருமவனுக்கு

என்ன வே மருமவனே, மாடியில ட்ரஸ் அடிச்சு, ஷீட் போட்டு, குத்தால சீசனுக்கு வாற ஆளுகளுக்கு ரூம் விடப் போறீராமே? நல்ல காரியம். காண்ட்ராக்டரும் அமைஞ்சுட்டாராம். வெள்ளைச் சட்டை, ரெண்டு போனு, போன் நிறைய அவர் போட்ட கூரைப் படம். ஒண்ணுகூட ஒழுகலையாம். பங்குனி வெயில்ல எடுத்த படத்துல எந்தக் கூரை வே ஒழுகும்?

நீரு பெங்களூர் மழை பாத்த ஆளு. அங்க மழை மேல இருந்து கீழ விழும். நம்ம சாரலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஆனி பிறந்துட்டா செங்கோட்டைக் கணவாய் வழியா மேல்காத்து தள்ளிக்கிட்டு வரும், தண்ணி படுத்துக்கிட்டே உள்ள நுழையும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசல்ல வேட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான கும்பிடுதோம்.

அதனால ரேட்டு பேசுததுக்கு முந்தி அவர்ட்ட ஒண்ணே ஒண்ணு கேளும். "கூரைக்கு வடக்க தெக்க சரிவு, ஷீட்டை எந்தக் கடைசியில இருந்து போட ஆரம்பிப்பீரு?" வேலை தெரிஞ்சவரு யோசிக்காம "கிழக்க இருந்து"ம்பாரு. கிழக்க முதல் ஷீட்டு, அது மேல அடுத்தது ஏறி, மேக்க போய் முடியணும். அப்பத்தான் மேல ஏறின விளிம்பு கிழக்க பாத்திருக்கும், காத்து அதைத் தாண்டிப் போயிரும். மாத்திப் போட்டா அத்தனை விளிம்பும் மேக்க பாத்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். "எப்படிப் போட்டா என்ன சார்"னு அவர் சிரிச்சா, ஒரு காப்பி குடுத்து அனுப்பிரும். சீனி தூக்கலாவே போடச் சொல்லும், அவரும் மனுசன்தான.

ஸ்க்ரூவையும் ஷீட்டு மேட்டுல முடுக்கச் சொல்லும். தண்ணி ஓடுத பள்ளத்துல ஓட்டை போட்டுட்டு, ரப்பர் வாசர் காப்பாத்தும்பாக. காப்பாத்தும், ரெண்டு மூணு சாரலுக்கு. அதுக்குள்ள அவர் போன் நம்பர் மாறியிருக்கும். 0.5 எம்எம்னு பேசுன ஷீட்டு 0.4-ஆ வந்து இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. இறக்கும்போதே அதுல அச்சடிச்சிருக்கத வாசியும். பைப்புக்கு எடைமேடைச் சீட்டு கேளும்.

இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒரு சொட்டு இறங்காதுன்னு சொன்னாராமே! அந்தத் தைரியம் பராக்கிரம பாண்டியனுக்கே இருந்ததில்லை வே. 15-ஆம் நூற்றாண்டுல தென்காசிக் கோயிலைக் கல்லாலயே கட்டினவன், பின்னால இதைப் பேணுதவங்க காலுல விழுதேன்னு கல்வெட்டுல வெட்டி வச்சிட்டுப் போனான். அவன் பயந்தது சரிதான். கோபுரம் சிதைஞ்சு ரொம்பக் காலம் மொட்டையா நின்னு, 1990-லதான் மறுபடி எழும்பிக் குடமுழுக்கு கண்டுச்சு. ராசா கட்டினதுக்கே ரிப்பேர் உண்டு, உம்ம மொட்டமாடிக்கு இருக்காதா?

ஆக, ஒழுகாத கூரை போட்டவரைத் தேடாதீரும். ஒழுகினா ஏணியோட வாறவரைத் தேடும். இலஞ்சி, மேலகரம் பக்கம் அவர் வேலை பாத்த வீடுகளுக்கு ஆடி மாசம் நல்லா ஊத்துத அன்னைக்குப் போய்ப் பாரும். வீட்டுக்காரர்ட்ட கேக்காதீரும், குடுத்த காசுக்கு வெக்கப்பட்டு "ஒண்ணுமில்ல"ம்பாரு. வீட்டம்மாட்ட கேளும். எந்த மூலையில எந்தச் சருவத்தை வைக்காகன்னு கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவாக. "ஒழுகிச்சு, போன் போட்டோம், மறுநாளே ஏறிப் பாத்துச் சரிபண்ணிட்டாரு"ன்னு அந்த அம்மா சொன்னா, பேசாம அட்வான்ஸைக் குடுத்திரும்.

மொத்தத்துல பத்துல ஒரு பங்கு, அடுத்த சாரல் கழிஞ்சு ஆவணி பிறந்துதான் தருவேன்னு எழுத்துல போட்டுக்கிடும். அதுக்கு மூஞ்சி சுளிச்சா வேற ஆளு பாரும். யாரும் அம்புடலைன்னா எங்கிட்ட வாரும், ஒருத்தர் இருக்காரு. ரேட்டு கொஞ்சம் சாஸ்திதான், ஆனா கூப்பிட்டா வந்துருவாரு. என் சகலைங்கதுனால சொல்லல வே. அவருக்கும் அந்தப் பத்துல ஒண்ணை நிறுத்தியே வையும்.