கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

கேள்வி: கையில் அழுக்கே தெரியாதபோதும் கழுவ வேண்டுமென்று வைத்தியர்கள் வற்புறுத்துவது ஏன்?

பதில்: தெரிகிற அழுக்கைக் கழுவ வைத்தியர் எதற்கு? அம்மாவின் அதட்டலே போதும்! தெரியாத அழுக்குக்குத்தான் சாஸ்திரம் தேவைப்பட்டது. 1840-களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த முதல் பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவைக் காட்டிலும் இரு மடங்குக்கும் மேலாகத் தாய்மார்கள் ஜுரங்கண்டு மாண்டமையால், முதல் பிரிவில் சேர்க்கவேண்டாமென்று கர்ப்பிணிகள் மண்டியிட்டு மன்றாடினார்கள். வைத்திய சாஸ்திரம் படியாத அப்பெண்கள், பண்டிதர்களுக்கு முன்பே உண்மையின் வாசலுக்கு வந்துவிட்டவர்கள் என்பேன். பிரேதப் பரிசோதனை செய்துவிட்டுப் பிரசவம் பார்க்க வந்த அம்மாணவர்களின் கைகளில், சோப்பினால் கழுவிய பின்னும் பிண நாற்றம் நீங்காதிருப்பதைக் கவனித்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய வைத்தியர், அந்நாற்றத்தோடு தங்கிவிடும் ஏதோவொன்றே தாய்மாரைக் கொல்கிறதென்று ஊகித்து, 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவாமல் எவரும் கர்ப்பிணிகளைத் தொடலாகாதென்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

கிருமிகளின் தத்துவம் அப்போது நிலைபெறாமையால் பேராசிரியர் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-இல் அவர் மனநோய் விடுதியொன்றில் புண் சீழ்பிடித்து மாண்டதை நினைக்கையில் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

தாங்கள் பிரேதசாலைக்குப் போகிறவரல்லர். ஆகையால் குளோரின் வேண்டாம். சாதாரணச் சோப்பும், 20 விநாடிப் பொறுமையும் போதும். கட்டைவிரலும் நகக்கண்ணும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.