செயினுக்குக் கொஞ்சம் மூச்சு விடுங்கள்

மலைப்பாதைக்கென்று வாங்கிய பைக்கை வீட்டில் பராமரிப்பது என்றால், நம்மூரில் முதல் வேலை ஸ்டிக்கர் ஒட்டுவது. அப்புறம் ஃபாக் லாம்ப், அப்புறம் என்றைக்கோ போகப்போகும் லடாக்குக்குப் பெட்ரோல் கேன். ஏர் ஃபில்டர் இந்த வரிசையில் வருவதில்லை. மூடிக்குள் ஒளிந்திருக்கும் பொருளுக்கு யார் லைக் போடுவார்கள்? அக்கறை இல்லாமல் இல்லை, அது தவறான இடத்தில் முறுக்கேறி நிற்கிறது. செயின் தொங்கினால் அசிங்கம் என்று வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டுகிறார்கள். 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-இன் பின்சக்கரம் மொத்தம் 170 மில்லிமீட்டர் ஏறி இறங்கக்கூடியது. பள்ளத்தில் அது மேலேறும்போது செயின் இன்னும் இறுகும். தளர்வு இல்லையென்றால் அந்த இழுப்பை ஸ்ப்ராக்கெட்டும் பேரிங்கும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கழுவுவதிலும் இதே பாசம்தான். பிரஷர் வாஷரைச் சக்கர அச்சுக்கு நேராகப் பிடித்தால் சேறு போகும், கூடவே கிரீஸும் போகும்.

“அதையெல்லாம் சர்வீஸ் சென்டர் பார்க்காதா?” பார்க்கும், கிலோமீட்டர் கணக்கில். ஓடைக்குள் ஒரு மணி நேரம் உருண்டதை ஓடோமீட்டர் ஐந்து கிலோமீட்டர் என்றுதான் எழுதிக்கொள்ளும். போட்டி பைக்குகளுக்கு இன்ஜின் ஓடிய மணிக்கணக்கில் ஆயில் மாற்றச் சொல்வது சும்மா இல்லை. “நான் ஓஎம்ஆரைத் தாண்டியதே இல்லையே” என்பது வலுவான வாதம்தான். ஓஎம்ஆரில் பள்ளமே இல்லை என்று முதலில் நிரூபிக்கட்டும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஸ்டிக்கர் ஒட்டவே அதைவிட நேரமாகும், குமிழி இல்லாமல் ஒட்டுவதானால்.