ரசிகர் போட்ட ‘எஃப்’

2017இல் ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்த ‘மதர்!’ என்ற திகில் படத்துக்கு, முதல் நாள் பார்த்துவிட்டு வந்த அமெரிக்கர்கள் சினிமாஸ்கோர் கணிப்பில் ‘எஃப்’ போட்டார்கள். அதற்குக் கீழே மதிப்பெண் கிடையாது. படம் மோசம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்பார்கள். ஆனால் முதல் நாளே சீட்டு வாங்கியவர்களில் பலர், ‘ஹங்கர் கேம்ஸ்’ படங்களில் லாரன்ஸ் நடித்த, வில்லெடுத்து வென்ற காட்னிஸைத் தேடி வந்தவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? இயக்குநர் டாரன் அரனோஃப்ஸ்கி காட்டியதோ, அழையா விருந்தாளிகள் வீட்டையே சூறையாட, கதறித் தீர்க்கும் மனைவியை. பயப்படத்தானே காசு கொடுத்தார்கள், பிறகென்ன குறை என்று கேட்கலாம். பேய்க்குப் பயப்படத் தயார்தான். அபிமான நடிகை அடி வாங்க, காப்பாற்ற ஓர் ஆளும் வராததைச் சகிக்கத்தான் தயாரில்லை. அடுத்த ஆண்டு விமர்சகர்கள் கொண்டாடிய ‘ஹெரிடிட்டரி’க்கும் அதே கணிப்பில் ‘டி பிளஸ்’தான். அதில் நடித்த டோனி கொலெட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை என்றதும் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘டி பிளஸ்’ போட்ட கைகளும் அதில் உயர்ந்தனவா என்று யாரும் கணிக்கவில்லை.