364 குறைகளும் ஓர் உரிமமும்

செவ்வாப்பேட்டையில் இருமல் மருந்து வாங்குபவர், லேபிளில் உரிம எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். திருவள்ளூருக்குத் தெற்கே சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ மருந்துக்கும் உரிமம் இருந்தது. 2011-இல் கொடுத்தது.

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இந்த மருந்தைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அங்கிருந்து கடிதம் வந்ததும் தமிழக அதிகாரிகள் காட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓரிரு நாளில் ஆய்வு, மாதிரி, முடிவு, தடை. மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம், அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1. கூடவே ஆலையில் 364 குறைகள். அவற்றில் 39 மிகக் கடுமையானவை. அத்தனையும் ஒரே இரவில் முளைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கு முன்பே எந்த ஆய்வாளர் கண்ணிலாவது பட்டிருக்காதா?

இதே நச்சு 1972-இல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. அந்தக் கோப்பைக் கரையான் படித்திருக்கும்.

அப்படியோர் ஆலை தங்கள் தரவிலேயே இல்லை என்றது மத்தியத் தரப்பு. நீங்களும்தான் ஆய்வுக்கு வரவில்லையே என்றது மாநிலம். இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், அதுதான் விசேஷம்.

மூத்த மருந்து ஆய்வாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். உரிமம் அக்டோபர் 13-இல் ரத்தானது: உரிமையாளர் கைதாகி நான்கு நாள் கழித்து.