சித்திரையில் ஓடும் வடிகால்

நான் பிறந்த வீடு சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. சின்னத் தறிப்பேட்டைதான் பேச்சு வழக்கில் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். ஆறு வளைந்து வந்து பேட்டையைக் கையால் அணைத்த மாதிரி சுற்றிக்கொண்டு போகும். நெசவுக்கும் சாயத்துக்கும் தண்ணீர் இல்லாமல் ஆகுமா?

என் பாட்டி அந்த ஆற்றில் முழுகியவள். ஐப்பசி, கார்த்திகையில் புதுத்தண்ணீர் வந்ததும் படித்துறையில் இறங்கிவிடுவார்களாம். மீன் கடிக்கும், காலை உதறிக்கொண்டே குளிப்போம் என்று சொல்வாள். 1949இல் கூவத்தில் 49 வகை மீன்கள் இருந்தன என்று பின்னாளில் படித்தபோது எனக்குப் பாட்டியின் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1970களில் அது 21 வகையாகக் குறைந்துவிட்டது.

நான் பார்த்த கூவம் கறுப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடப்போம். ஆனாலும் 1973இல் அதில் படகு விட்டார்கள். கரையில் புதிதாகப் படகுத்துறைகள் கட்டியிருந்தார்கள். அப்பா என்னைக் கூட்டிப்போனார். எனக்குப் பதின்மூன்று வயது. படகில் உட்கார்ந்திருந்த எல்லார் முகத்திலும் சந்தோஷம் இருந்தது, இனி ஆறு திரும்பிவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆற்றில் விழும் சாக்கடையை நிறுத்தாமல் ஆற்றை அழகுபடுத்த முடியாது என்பது அந்தப் படகுகளோடு முடிந்த பாடம். துறைகள் மட்டும் ஆங்காங்கே நின்றன, மரம் முளைத்து, கூரையிழந்து.

1982இல் நான் எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஆய்வுக்குக் கிடைத்த தலைப்பு கூவத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிய வாளியை இறக்கி, 300 மில்லி கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, மூடியை அழுத்த வேண்டும். பிறகு அங்கேயே, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து, மாங்கனீசு சல்பேட் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டுக் குலுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் காப்பித்தூள் நிறத்தில் வண்டல் இறங்கும். இல்லையென்றால் வெள்ளையாக இறங்கும்.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் முதலில் செய்து பார்த்தேன். நல்ல பழுப்பு. கூவத்துத் தண்ணீரில் செய்தபோது சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளை. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடி வெள்ளை. ஐந்து இடத்தில் எடுத்தேன், ஐந்தும் வெள்ளை. பாட்டி முழுகிய படித்துறைக்கு நேர் கீழே எடுத்த பாட்டிலை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

சட்டம் இல்லாத காலத்தில் ஆற்றில் மீன் இருந்தது. சட்டமும் வாரியமும் சோதனைக் குடுவையும் வந்து சேர்ந்தபோது சோதிக்க ஆற்றில் எதுவும் மிச்சமில்லை. என் வாழ்நாள் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் இல்லாவிட்டால் இதைக் குற்றம் என்று சொல்லக்கூட நமக்கு வார்த்தை இருந்திருக்காது. குளிப்பதற்கு ஏற்ற ஆறு என்றால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நீரிலுள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற கணக்கு அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடைப்பட்ட கூவத்தில் அது 345. வீட்டிலிருந்து வெளியேறும் சாக்கடையிலேயே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அதாவது அங்கே சாக்கடை ஆற்றில் கலக்கவில்லை. ஆறே சாக்கடையாக ஓடுகிறது.

லண்டன் போன்ற பழைய நகரங்களில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். பெருமழை வந்தால் குழாய் தாங்காது, மிஞ்சியது ஆற்றுக்குப் போகும்படி கட்டும்போதே வழி வைத்துவிட்டார்கள். சென்னை அப்படியில்லை. இந்த நகரத்தின் பாதாளச் சாக்கடை கழிவுநீருக்கு மட்டும் என்றுதான் போடப்பட்டது. மழைநீர் வடிகால் வேறு, அது நேராக ஆற்றுக்குப் போகும். பாதாளச் சாக்கடை நீரேற்று நிலையம் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், கொடுங்கையூருக்கோ கோயம்பேட்டுக்கோ நெசப்பாக்கத்துக்கோ பெருங்குடிக்கோ. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆகவே, சாக்கடை வழிந்து ஆற்றில் கலந்துவிட்டது, மழைதான் காரணம் என்று சொல்ல லண்டன்காரருக்கு இருக்கிற நியாயம் நமக்குக் கிடையாது.

மழைக்காலத்தில் நாமே அந்த இரண்டையும் கலக்கிறோம். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், யாராவது கடப்பாறை கொண்டுவந்து மேன்ஹோல் மூடியை நெம்பித் திறப்பார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். பிள்ளைகள் கைதட்டுவோம். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று யாரும் யோசித்ததில்லை. குழாய் நிரம்பி, நீரேற்று நிலையத்துக் கிணறு நிரம்பி, மோட்டாரால் இறைக்க முடியாமல், தாழ்வான இடத்தில் இருக்கிற ஏழை வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வந்தது. அதற்கும் மேலே மிஞ்சியது கூவத்துக்குப் போனது. இன்றைக்கும் பெருமழை நாளில் அந்தக் கடப்பாறை தெருவுக்குத் தெரு வேலை செய்கிறது.

அந்தக் கழிவைக் கூவத்தால் கடலில் கொண்டுபோய்த் தள்ளவும் முடியாது. துறைமுகம் கட்டியதிலிருந்து அதன் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மெரினா அகலமானதும் அப்படித்தான். நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். அலை ஏறி இறங்கி ஆற்றைக் கழுவிவிடும் வேலை நின்றுபோகும்.

சின்ன வயதில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒருவர் வருவார். இடுப்பில் கயிறு, கையில் மூங்கில் கழி. கழிக்கு அடைப்பு அசையாவிட்டால் உடம்பில் துண்டுத்துணியோடு குழிக்குள் இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் குழிக்குள் இருக்கும் வாயு முதலில் அழுகின முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுவார். இதெல்லாம் எனக்கு வேதியியல் படித்த பிறகுதான் தெரியும். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். வேலை முடித்து எங்கள் வாசலில் நின்று, "டீச்சரம்மா, கொஞ்சம் தண்ணி" என்பார். டீச்சராக இருந்தது என் அம்மா. அவர் இரண்டு கையையும் குவிக்க, அம்மா சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். சொம்பு அவர் கையில் பட்டுவிடக் கூடாது. எங்கள் கழிவை அள்ளியவருக்கு எங்கள் சொம்பு மறுக்கப்பட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விடுவது அதைவிட வெட்கம்.

இப்படி ஆளைக் குழிக்குள் இறக்குவதைத் தடுக்க 2013இல் தனிச்சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தெருவில் இன்று லாரியும், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் இயந்திரமும் வருகின்றன. ஆனால் வீட்டு வளாகத்துக்குள் இருக்கிற தொட்டியில் ஆளை இறக்குவது இன்னும் ஓயவில்லை. தொகை உயர்ந்திருக்கிறது என்றால் இறப்பு நிற்கவில்லை என்றுதானே பொருள்?

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளை வண்டலைப் பற்றிச் சொன்னேன். 2009இல் கூவத்தை ஒட்டிய பகுதியில் ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினோம், மொத்தம் பதினாறு வீடு. 2019 பிப்ரவரியில், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மாசுக்காகத் தமிழக அரசு 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபோது, செய்தித்தாளை வெட்டி வைத்துக்கொண்டேன்.

2021 சித்திரையில் எங்கள் வாசல் வடிகாலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. மழைநீர் வடிகாலில் வெயில் நாளில் என்ன ஓடும்? பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கடையில் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். முதல் மாடிச் சமையலறைத் தொட்டியில் பாதி பாட்டிலைக் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டார். இருவரும் கீழே வந்து வடிகால் மூடியின் இடுக்கில் குனிந்து பார்த்தோம். முதலில் சோப்பு நுரை வந்தது. ஒரு சோற்றுப் பருக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் நீலம் வந்தது, நூலிழை மாதிரி தொடங்கி, பிறகு அகலமாக, வடிகாலின் கறுப்போடு கலந்து கூவம் இருக்கும் திசைக்குப் போனது.

"எல்லா லைனும் இதுலதான் விட்டிருக்காங்கம்மா. கக்கூஸ் சேம்பர் ரொம்பினா அதுவும் இதுலதான்" என்றார்.

கட்டியவர் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார், அவர் பெயர் இங்கே வேண்டாம். வாங்கிய நாங்கள் பன்னிரண்டு வருடம் கேட்கவில்லை, அதுதான் பெரிது. குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னேன். "தெருவுல எல்லாரும் அப்படித்தான், நாம மட்டும் மாத்தி ஆறு சுத்தமாயிடுமா?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் என்பது உண்மையாக இருக்கலாம். ஆற்றைக் கொன்றது ஒரு பெரிய ஆலையோ ஒரு பெரிய அதிகாரியோ மட்டும் இல்லை. இப்படி ஒவ்வொரு வாசலிலும் கைப்பிடி அகலக் குழாய் ஒன்று. தீர்ப்பாயம் 100 கோடி கேட்கலாம். என் வாசல் குழாயைத் தீர்ப்பாயம் வந்து குனிந்து பார்க்காது.

எட்டு மாதம் ஆனது. முறைப்படி விண்ணப்பித்து, தெருப் பாதாளச் சாக்கடையோடு இணைத்து, பழைய குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். அந்தச் சிமெண்ட் காய்வதற்கு முன் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சித்திரையிலோ வைகாசியிலோ, மழை பெய்து பத்து நாளாவது கழிந்த பிறகு, காலை எட்டு மணிக்கு, எல்லார் வீட்டிலும் சமையலும் குளியலும் நடக்கிற நேரத்தில், உங்கள் தெரு மழைநீர் வடிகாலின் மூடியருகே நின்று கேளுங்கள். தண்ணீர் ஓடினால் சொட்டு நீலம் வாங்கி முதலில் உங்கள் வீட்டுக் குழாயில் ஊற்றுங்கள். நீலம் வந்தால் அடைத்துவிடுங்கள். வராவிட்டால், அது யார் வீட்டுத் தண்ணீர் என்று பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.