தெவிட்டிய கரைசலும் ஊறிய வேட்டியும்

சலவைத்தூளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பது எவ்வகையிலும் சலவை ஆகாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது இவ்வாய்வுக்கு நல்லது. ஏனெனில் துணிகளை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, தூளில் ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போகிறவரைப் பற்றி வீட்டார் கொண்டிருக்கும் கருத்து அறிவியலுக்குச் சாதகமானதன்று. எனினும் இத்துறைக்குக் குலப்பெருமை உண்டு. நுண்ணுயிர்களைக் கண்டு 17ஆம் நூற்றாண்டில் உலகுக்கு அறிவித்த லேவன்ஹூக், டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வணிகர். இழையின் தரத்தைச் சோதிக்கும் வில்லை அவர் தொழிலின் கருவி. ஆகவே துணியிலிருந்து நுண்ணோக்கிக்குத் தாவுவது பழைய மரபு. துணியை வாளியிலேயே மறந்துவிடுவது மட்டுமே பிற்காலச் சேர்க்கை.

தூளை வெந்நீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லின்மேல் இட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இனி ஏற்க இயலாது என்னும் அளவுக்கு உப்பு கரைந்த நீரைத் தெவிட்டிய கரைசல் என்றும், அவ்வளவையும் தாண்டி உப்பைச் சுமந்து நிற்பதை அதிதெவிட்டிய கரைசல் என்றும் பாடநூல்கள் சொல்லும். கல்யாணப் பந்தியில் இலையைக் கையால் மறைத்தவருக்கு, விரலிடுக்கு வழியாக மேலும் இரண்டு கரண்டி பாயசம் விழுந்த நிலையே அது. அந்நிலையில் ஒரு தூசி போதும், அதைப் பற்றிக்கொண்டு படிகம் முளைத்துவிடும். சொட்டின் விளிம்பு விரைவாகக் காய்வதால் நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி ஓடித் தன் சரக்கையெல்லாம் அங்கே இறக்கிவைக்கிறது. காபி சிந்திய இடத்தில் வளையம் மட்டும் கறுத்து நிற்பதும் இதனால்தான். 1997இல் சிகாகோ இயற்பியலாளர்கள் இதை விளக்கும்வரை, மேசை துடைப்பவர்களிடம் யாரும் விசாரிக்கவில்லை போலும். விளிம்பிலிருந்து ஊசிகளும் இறகுகளும் உள்நோக்கிப் பாயும் காட்சி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. வாசலில் தண்ணீர்க் கேன்காரர் மணியடிப்பதும் அதே நொடிகளில்தான்.

பாய்ந்து வருபவர்களில் ஒருவர் சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டு. வெள்ளாவி வைத்த வண்ணார் நம்பிய உவர்மண்ணின் உயிர்ச்சரக்கும் இவரே. தன் ஒவ்வொரு கூறுக்கும் பத்து நீர் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டு இவர் படிகமாக வல்லவர். கட்டமைப்புக்குள்ளேயே குடியிருக்கும் அந்நீருக்குப் படிக நீர் என்று பெயர். நிறுத்துப் பார்த்தால் அத்தகைய படிகம் 286 கிராமில் 180 கிராம் தண்ணீர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 63 பங்கு. தலைமுறை தலைமுறையாகப் பால்காரரை மட்டும் ஏசிவந்த சமூகம் இக்கணக்கைக் கண்டபின் அவரிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்பதே முறை.

மற்றவர் சோடியம் சல்பேட்டு. தூள் கட்டிதட்டாமல் உதிரவும், பொட்டலம் பருமனாகத் தோன்றவும் சேர்க்கப்படும் நிரப்புப் பொருளான இவருக்கு அழுக்கோடு நேர்ப்பகை ஏதுமில்லை. ஆனால் ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்கும் போலராய்டு தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, இடையில் சில்லைச் செருகினால், இருண்ட புலத்தில் இவர் நீலமும் பொன்னுமாக மின்னுகிறார். கடினநீரின் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் சியோலைட்டு, கனசதுரப் படிகமாதலால், எத்திசையிலும் ஒளியை ஒரேவிதமாகக் கடத்தி இருட்டோடு இருட்டாகிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் மைசெல் என்னும் நுண்கொத்தோ சில நானோமீட்டரே உள்ளது. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே சாதாரண ஒளி நுண்ணோக்கிக்குக் கண் தெரியாது. வேலை செய்யாதவர் வண்ணத்தில், செய்பவர் இருட்டில், அதிகம் செய்பவர் கண்ணுக்கே தெரியாமல் என்னும் இவ்வமைப்பை இதற்கு முன் எங்கோ பார்த்திருப்பதாக அலுவலகம் செல்லும் வாசகர்களுக்குத் தோன்றினால், அதற்கு நுண்ணோக்கி பொறுப்பன்று.

ஓரத்தில் ஒரு துளி நீரை விட்டால் எல்லாம் தலைகீழாகிறது. கூர்முனைகளே முதலில் கரைவதால், ஈட்டியாக நின்றது கணப்பொழுதில் கூழாங்கல்லாகி, பிறகு அதுவும் இல்லாமற்போகிறது. எண்ணெயோடும் நீரோடும் ஒருசேர உறவாடும் பரப்புவினைப் பொருள், நீர் பட்ட இடத்தில் சிலபோது புழுக்களைப்போல நெளிந்து நீளும் குழாய்களை விடுகிறது. 1854இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்கோ நரம்புத் திசுவில் கண்ட உருவங்களை ஒத்திருப்பதால் இவற்றுக்கு மயலின் உருவங்கள் என்று பெயர். தமிழில் மயல் என்றால் மயக்கம். ஜெர்மானியர் இதை அறிந்து பெயரிட்டிருக்க வாய்ப்பில்லை, ஆயினும் அதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திராது.

ஆய்வு முடிந்ததும் சில்லைக் கழுவ வேண்டும். கழுவுவதற்கு வீட்டில் இருப்பது அதே தூளும் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீருமே. கழுவிய சில்லு காய்ந்ததும் அதில் புதிய படிகங்கள் தென்படுவதால், அவற்றையும் பார்த்துப் பதிவுசெய்வது இக்கட்டுரையாளரின் கடமையாகிறது. வேட்டி மூன்றாம் நாளாக ஊறுகிறது.