வைன் அங்கிள்

சுங்கைப் பட்டாணியில் யார் வீட்டுத் தீபாவளி விருந்தானாலும் அவர் இருப்பார். அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்; மகள் மெல்பர்னில். போன இடத்தில், வைன் விளையும் யாரா பள்ளத்தாக்கை மகள் சுற்றிக் காட்டிவிட்டாள். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கும் முறுக்குத் தட்டுக்கும் நடுவே மூன்று போத்தல்களை நிறுத்துவார். ரீஸ்லிங், ஷார்டனே, பினோ நுவார். மூன்றும் ஒரே தோட்டத்துச் சரக்கு.

"குளிர் நாட்டுல பழம் மெதுவாத்தான் பழுக்கும் தம்பி. சர்க்கரை அவசரப்படாது, புளிப்பும் ஓடிப் போகாது."

இதுவரை சரிதான். பிறகு கிளாசைச் சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார். "செர்ரி... மழை பேஞ்ச மண்ணு..." நமக்கோ பிரட்டலின் மிளகு வாசம் மட்டும்தான் வருகிறது.

குனோங் ஜெராயிலும் திராட்சை போடலாம் என்பது அவர் கட்சி. "1,217 மீட்டர் உயரம் லா!" அங்கே கொட்டுகிற மழையைப் பற்றிக் கேட்டால், பேச்சு தீர்வையில்லாத லங்காவிக்குத் தாவிவிடும்.

சிவப்பு வைனை ஐஸ்பெட்டியில் வைக்க மட்டும் விடமாட்டார். "அறைச் சூட்டுலதான் குடிக்கணும்." அந்தச் சட்டம் எழுதிய ஐரோப்பியர் வீட்டு அறை பதினாறு, பதினெட்டு டிகிரி. நம் வீட்டு ஹாலில் முப்பத்திரண்டு. பினோ நுவார் ஏறக்குறைய ரசமாகிவிடும்.

மூலையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"தம்பி, எறக்குன உடனே கள்ளு இனிப்பு. சாயங்காலம் சுருக்குனு ஏறும். மறுநாள் காடி. ஒரே மரம், ஒரே பானை, மூனு ரகம். இதுக்கு நீ எதுக்குப் பிளேன் ஏறுன?"

அங்கிள் சிரித்தார், பதில் வரவில்லை. 1947-இல் ஏ.எம். சாமி திரட்டிய தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்திய வட்டாரம் இது. பெண்களும் அணிதிரண்டு நின்றார்கள். பாட்டிமார் கடையை மூடச் சொல்லிக் குரல் கொடுத்த ஊரில், பேரன்மார் போத்தலைத் திறந்து பாடம் நடத்துகிறார்கள்.

ஆனாலும் அங்கிள் ஆபத்தில்லாதவர். மூன்று போத்தலுக்கும் சேர்த்து அவர் குடிப்பது அரைக் கிளாஸ். மீதி நேரமெல்லாம் பேச்சு. குடிப்பவர்களில் இந்த ரகம்தான் வீட்டுக்கு நல்லது. அடுத்த தீபாவளிக்கு அவரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சிவப்புப் போத்தலை வாங்கி, அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் ஒளித்து வையுங்கள். கேட்டால், யாராவின் குளிர் என்று சொல்லிவிடலாம்.